ஸ்கூட் விடாத வெள்ளிக்கிழமை

கோரமண்டல் ஸ்டேஷன் பக்கம் என்னைப் பற்றி இரண்டு விஷயங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, எனக்குக் கோபம் மூக்குமேல் வரும். இன்னொன்று, நான் ரயிலில் ஆம்பளைகளோடு சீட்டாடுகிறவள். இரண்டும் உண்மை என்பதால் நான் யாரிடமும் மறுத்துப் பேசியதில்லை. பெங்களூருக்குத் தினமும் போய் வருகிறவர்களுக்கு ரயில்தான் பாதி வீடு. அந்தப் பாதி வீட்டில் சிலர் தூங்குகிறார்கள், சிலர் போனைத் தேய்க்கிறார்கள், சிலர் மாமியாரைத் திட்டித் தீர்க்கிறார்கள். நாங்கள் நாலு பேர் ரம்மி ஆடுகிறோம்.

காசு வைத்து ஆடுவதில்லை. நாங்கள் வைத்து ஆடுவது தூக்கத்தை. எங்கள் ரயில் மாரிகுப்பத்தில் கிளம்புகிறது. அங்கே பெட்டிகள் காலியாக நிற்கும். சாம்பியன், உரிகம் தாண்டி கோரமண்டலுக்கு வருவதற்குள் எதிரெதிர் பெஞ்சில் நாலு இடம் சேர்ந்தாற்போல் கிடைப்பது கஷ்டம். அதனால் எங்களில் ஒருவர் இருட்டோடு மாரிகுப்பம் போய் நாலு இடத்தையும் பிடித்து வைக்க வேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். தங்கச் சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் எங்கள் ஊரில் விடிவதற்குமுன் எழுந்து போகிற எந்த வேலைக்கும் அதுதான் பெயர்.

ரம்மியில் புள்ளி என்பது தண்டம். வாரம் முழுக்க ஏறிய புள்ளிகளை வெள்ளிக்கிழமை மாலை, பங்காருபேட்டை வருவதற்குள் கூட்டுவோம். யாருக்கு அதிகமோ அவர் தோற்றவர், அடுத்த வாரம் முழுக்க ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் அவருடையது. மற்ற மூன்று பேரும் இடத்தில் போட்டு வைக்க ஆளுக்கொரு சாமானை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். சாமான் கைமாறிவிட்டால் பேச்சு முடிந்தது.

எங்கள் நாலு பேரில் சாம்பியனில் ஏறுகிறவர் சர்ச் கொயரில் பாடுகிறவர், ஒயிட்ஃபீல்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அவரை எல்லோரும் அண்ணன் என்போம். உரிகத்தில் ஏறுகிறவர் பேங்க் சார். கோரமண்டலில் நானும், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பியும். அண்ணனின் குளியல் துண்டை விரித்து, நாலு முனையையும் நாலு பேர் முழங்காலுக்கு அடியில் இறுக்கிக்கொண்டால் அதுதான் மேஜை. யாராவது தும்மினால் மேஜையும் தும்மும்.

நல்ல கை வந்தால் யாருக்கும் புத்தி தேவையில்லை. குப்பைக் கை வந்தாலும் தேவையில்லை, முதல் சீட்டை எடுப்பதற்கு முன்பே கவிழ்த்து வைத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். அதுதான் ஸ்கூட், இருபது புள்ளியோடு போய்விடும். ஆடத் தொடங்கியபின் நடுவில் விலகினால் மிடில் ஸ்கூட், நாற்பது. கடைசிவரை நின்று தோற்றால் கையில் இருக்கும் சீட்டுகளை எண்ணுவார்கள். ஜோக்கர் கலக்காமல், ஒரே இனத்தில் வரிசையாக மூன்று சீட்டு சேர்ந்திருக்க வேண்டும், அதை ஒரிஜினல் என்போம். அது இல்லாவிட்டால் மொத்தக் கையும் தலையில் விடியும். ஆளைப் படுத்துவது இரண்டுங்கெட்டான் கைதான். ஒரிஜினல் இருக்காது, ஆனால் வருகிற மாதிரி இருக்கும். ஏழும் எட்டும் வந்திருக்கும், ஆறோ ஒன்பதோ வந்தால் போதும் என்று ஆசை காட்டும்.

அந்த மாதிரிக் கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் அவருடைய ஜாதகமே தெரிந்துவிடும். பேங்க் சார் யோசிக்கவே மாட்டார், இருபதோடு போகட்டும் என்று கவிழ்ப்பார். அவருக்குப் பிடித்த சொல்லே ஸ்கூட்தான். அண்ணன் பிறந்ததிலிருந்து ஸ்கூட் விட்டதில்லை. ஆறு வராவிட்டால் ஒன்பது வரும், ஒன்பது வராவிட்டால் கர்த்தர் பார்த்துக்கொள்வார். தம்பி மனசுக்குள் கணக்குப் போடுவான். இரண்டு கட்டு சேர்த்து ஆடுகிறோம், ஆறு இரண்டு, ஒன்பது இரண்டு, ஆக நாலு சீட்டில் ஏதாவது ஒன்று வந்தால் போதும், அதில் கீழே விழுந்தது எத்தனை என்று விரல் மடக்குவான். நான் சீட்டைப் பார்ப்பதைவிட எதிரே இருக்கும் முகத்தை அதிகம் பார்ப்பேன். பேங்க் சாருக்கு நல்ல கை வந்தால் கண்ணாடியைத் துடைப்பார். அண்ணனுக்கு நல்ல கை வந்தால் அவரை அறியாமல் வாய்க்குள் ஒரு பாட்டு முனகும். மோசமான கை வந்தால் அரசியல் பேசுவார். இது அண்ணனைத் தவிர எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் சொல்லப்போகிற வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ் மாதத்தில் வந்தது. அப்போது என் பெண்ணுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. பிரசவ லீவு தீர்ந்து நான் வேலைக்குத் திரும்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பகலில் அவளுக்கு ராகிக் கஞ்சி, புட்டிப் பால், பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனாரின் இடுப்பு. இரவு நான் வீடு சேரும்போது தூங்கிவிடுவாள். விடியற்காலையில் பால்காரர் வண்டியின் ஹாரன் கேட்டதும் கண் விழிப்பாள். அந்த ஒரு வேளைதான் எனக்கும் அவளுக்கும். குடித்து முடித்ததும் என் மூக்கைப் பிடித்துத் திருகிப் பார்ப்பாள், நான் கத்துவேன், அவள் சிரிப்பாள். பிறகு நான் ஓட வேண்டும்.

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் ஹாரனுக்கு வெகுநேரம் முன்பே நான் வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஒரு வாரம் காலைப் பால் விட்டுப்போனால் வற்றிவிடும் என்று நாத்தனார் வேறு பயமுறுத்தி வைத்திருந்தாள். நிஜமோ பொய்யோ, எனக்கு அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. வேலைக்குத் திரும்பியதிலிருந்து நான் பேங்க் சாரைவிட மோசமாக ஸ்கூட் விட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டம் ரசமே இல்லாமல் போய்விட்டது, ஆனால் ஒரு வாரம்கூட நான் மாட்டவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலூர் தாண்டியதும் கடைசி ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டார்கள். கணக்கு இப்படி நின்றது. பேங்க் சாரும் தம்பியும் எட்டாத தூரத்தில் பத்திரமாக இருந்தார்கள். தோற்கப்போவது நானா அண்ணனா என்பதுதான் பாக்கி. அண்ணன் என்னைவிடப் பதினைந்து புள்ளி அதிகம் வைத்திருந்தார். நான் சீட்டுகளை விரித்துப் பார்த்தேன். இஸ்பேட் ஏழு, எட்டு. ஆர்ட்டின் ஜாக்கியும் ராஜாவும் இருந்தன, நடுவில் ராணி இல்லை. ஒரு ஜோக்கர். மற்றதெல்லாம் சந்தையில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நின்றன. இரண்டுங்கெட்டான் கை என்று ஒன்றைப் படம் போட்டு மாட்டச் சொன்னால் இதைத்தான் மாட்ட வேண்டும்.

ஸ்கூட் விட்டால் எனக்கு இருபது ஏறும், அண்ணனைவிட ஐந்து அதிகமாகிவிடும். ஆனால் அண்ணன் இந்த ஆட்டத்தை ஜெயிக்காவிட்டால் அவருக்கும் ஏறுமே, ஐந்துக்கு மேல் கட்டாயம் ஏறும். அவர் ஜெயித்தால் மட்டும்தான் எனக்கு ஆபத்து. நாலு பேரில் ஒருவர் ஜெயிப்பது அப்படியொன்றும் நிச்சயமில்லை. எப்படிப் பார்த்தாலும் கவிழ்த்து வைப்பதுதான் புத்தி. சீட்டுகளைச் சேர்த்துக் கவிழ்க்கக் கையை மடக்கினேன்.

அப்போது அண்ணன் முனக ஆரம்பித்தார்.

சாதாரண முனகல் இல்லை. அடிவயிற்றிலிருந்து, தாளம் தப்பாமல், கால் விரல் ஆட ஆட வந்தது. துண்டு மேஜையே அதிர்ந்தது. அந்த மனிதரிடம் அப்படியொரு முனகலை நான் கேட்டதே இல்லை. கையில் ஒரிஜினல் இருக்கிறது, ஜோக்கரும் நிறைய இருக்கிறது, இரண்டு சீட்டில் முடித்துவிடப் போகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. பேங்க் சார் வழக்கம்போல், "இருபது போட்டுக்குங்க," என்று கவிழ்த்தார். தம்பி ஒருவனை நம்பி நான் என் பிள்ளையின் பாலை விட்டுவிட்டுப் போக முடியுமா? அண்ணனை நிறுத்த நான்தான் ஆட வேண்டும் என்று முடிவு செய்தேன். கட்டிலிருந்து சீட்டை எடுத்தேன்.

வந்தது கிளாவர் ரெண்டு. எறிந்தேன். அடுத்து வந்தது டைமண்ட் ராணி. எனக்கு வேண்டியது ஆர்ட்டின் ராணி. அவளையும் எறிந்தேன். ஆறும் வரவில்லை, ஒன்பதும் வரவில்லை. அண்ணன் முனகிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை மிடில் ஸ்கூட் விட்டு நாற்பதோடு தப்பலாமா என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இஸ்பேடில் ஆறோ ஒன்பதோ இதுவரை ஒன்றுகூடக் கீழே விழவில்லை, அப்படியானால் நாலும் கட்டில்தான் இருக்கும், அடுத்தது வந்துவிடும் என்று என் மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. அடுத்தும் வரவில்லை. டைமண்ட் பத்து வந்தது. அதை எறிந்தேன்.

தம்பி அந்தப் பத்தை எடுத்து நடுவில் செருகி, தன் கையைத் துண்டின்மேல் பரப்பினான். "ஷோ அக்கா," என்றான்.

எண்ணினார்கள். எனக்கு ஒரிஜினல் இல்லை, மொத்தக் கையும் எழுபத்திரண்டு. அண்ணனுக்கு முப்பத்தொன்று. வாரக் கணக்கு கூட்டிப் பார்க்கக்கூடத் தேவையில்லை.

"இன்னா அண்ணே இது," என்றேன். "அப்படி முனகிக்கினு இருந்தீங்க. நல்ல கைன்னு நெனச்சேன்."

"கையா?" அண்ணன் விழித்தார். "கை நடுத்தரம்தாம்மா. நாளிக்கு கேரல் ரவுண்ட்ஸ் இருக்குது, வீடு வீடா போய்ப் பாடணும். இந்த வருஷம் என்னை பேஸ் பார்ட்ல, அடிக்குரல்ல போட்டுட்டாங்க. இன்னும் மனசுல நிக்கல, அதான் போட்டுப் பாத்துக்கினு இருந்தேன்."

நான் அந்த மனிதரின் துண்டைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன், மேலே சீட்டு இல்லாமல் இருந்திருந்தால். இத்தனைக்கும் மேலே பேங்க் சார் தான் கவிழ்த்த கையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு இஸ்பேட் ஒன்பதும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. நான் அவ்வளவு நேரம் காத்திருந்ததில் பாதி, ஆட்டம் தொடங்குமுன்பே வீட்டுக்குப் போய்விட்டது. ஒரு ஆறு அண்ணனிடம். இன்னொன்று கட்டின் அடியில் கிடந்தது.

தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஆக்சுவலி, மொதல்லயே ஸ்கூட் விட்டிருந்தா நீங்க சேஃப் அக்கா. இருபது ஏறியிருக்கும், அண்ணனுக்கு முப்பத்தொண்ணு. மிடில் ஸ்கூட் விட்டிருந்தாக்கூட தப்பிச்சிருப்பீங்க. ரெண்டு எக்ஸிட் இருந்துச்சு."

"உன் கணக்க உன் கம்பெனியில போய்ச் சொல்லு," என்றேன்.

அப்போதுதான் அண்ணனுக்குப் பிள்ளை ஞாபகம் வந்தது. முகம் சுண்டிவிட்டது. "அய்ய, பாப்பா சின்னது ஆச்சே. வேணாம்மா, இந்த வாரம் நான் போறேன். என்னாலதானே ஆடின."

"நான் கேட்டேனா? தோத்தவங்க போறதுதான் நம்ப ரூல். என் ஷிஃப்ட்ட நான் பாத்துக்கறேன். துண்ட குடுங்க," என்றேன். அவர் மேலே பேசுவதற்குள் அதைப் பிடுங்கிக்கொண்டேன். பேங்க் சார் குடையையும் தம்பியின் தண்ணீர் பாட்டிலையும் நானே வாங்கிப் பையில் திணித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆண்டர்சன்பேட்டையில் எவர்சில்வர் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க வாடிக்கையாளர்கள் பாத்திரத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பதைக் கேட்டுப் பழகியதால் எந்தச் சத்தத்துக்கும் அசையமாட்டார். என் சத்தத்துக்கும் அப்படித்தான். முழுவதும் கேட்டுவிட்டு, "அண்ணன் பேஸ் பாடுறாரா, அதுக்கு ரொம்ப மூச்சு வேணுமே," என்றார். அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை. மறுநாளும் கொஞ்சமாகத்தான் பேசினேன்.

திங்கட்கிழமை நான் எழுந்தபோது தெரு முழுக்கப் பனி. பெண் கையிரண்டையும் தலைக்குமேல் போட்டுக்கொண்டு தூங்கினாள். எழுப்பிப் பால் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று குனிந்தேன். அந்த நேரத்தில் எழுப்பினால் நாள் முழுக்க அழுவாள் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் போர்வைக்குள் அசையாமல் கிடந்தார். பாருங்கள், ஒரு வார்த்தை சொல்லக்கூட இந்த ஆள் எழுந்திருக்கவில்லை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

மாரிகுப்பத்தில் ரயில் விளக்குப் போட்டுக்கொண்டு காலியாக நின்றது. எங்கள் வழக்கமான பெட்டியில் ஏறி, துண்டை ஒரு இடத்தில், குடையை ஒரு இடத்தில், தண்ணீர் பாட்டிலை ஒரு இடத்தில் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒருவர் வந்து குடையை நகர்த்தப் பார்த்தார். "ஆள் வராங்க," என்றேன். சொன்ன விதத்தில் அவர் அடுத்த பெட்டிக்கே போய்விட்டார். வண்டி நகர்ந்தது. சாம்பியனில் அண்ணன் ஏறினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உரிகத்தில் பேங்க் சார் ஏறினார். எனக்கு மார்பு கனத்து வலித்தது. இந்நேரம் ஹாரன் கேட்டிருக்கும், அவள் எழுந்து பக்கத்தில் தடவிப் பார்த்திருப்பாள் என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. வெளியே பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கோரமண்டலில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. உலகத்தில் எத்தனை பிள்ளைகள் அழுதாலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

முதலில் தம்பி ஏறினான். அவன் பின்னால் என் வீட்டுக்காரர், ஒரு தோளில் பை, இன்னொரு தோளில் குரங்குக் குல்லாய் போட்ட என் பெண். எல்லோரையும் தாண்டி வந்து அவளை என் மடியில் வைத்தார். "பங்காருபேட்டை வரிக்கும் டிக்கெட் எடுத்துட்டேன்," என்றார். "அங்க எறங்கி பஸ்ல திரும்பிடறோம். கடை தொறக்க நேரம் இருக்குது."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"நீ எங்க பேசவிட்ட."

அண்ணன் எழுந்து நின்றார். "எல்லாரும் அந்தப் பக்கம் பாருங்கப்பா," என்று பெட்டிக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, தானும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவர் மாதிரி நின்றார். பேங்க் சார் செய்தித்தாளை விரித்து அதற்குள் புகுந்தார். நான் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். குல்லாய்க்குள் ஈரமாக இருந்த கன்னம் என்மேல் பட்டதும் அழுகை நின்றது.

பங்காருபேட்டைக்கு இன்னும் பாதி தூரம் இருக்கும்போது நான் அலறினேன். பெட்டியே திரும்பியது. அண்ணன் மட்டும் சொன்ன சொல் தவறாமல் முதுகைத் திருப்பாமலே, "இன்னாச்சும்மா, இன்னாச்சு?" என்றார்.

"கடிச்சிட்டா," என்றேன்.

அடுத்த பெஞ்சில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிற ஒரு அக்கா எழுந்து வந்தார். பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினார். பிறகு தன் டிபன் பாக்ஸைத் திறந்து ஸ்பூனை எடுத்து, துடைத்து, கீழ் ஈறில் மெல்லத் தட்டினார். டிங் என்று ஒரு சத்தம் வந்தது. பாத்திரக் கடைக்காரர் அந்தச் சத்தத்துக்கு மட்டும் துள்ளி எழுந்தார். "பல்லு," என்றார். "பல்லு மொளச்சிருக்குது." எனக்கு வலியும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தம்பி ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும் என்றான், பேங்க் சாரும் பேப்பரை மடித்துவிட்டுத் தன் முறைக்கு வந்தார். ஆளாளுக்கு ஸ்பூனை வாங்கி டிங் டிங் என்று தட்ட, என் பெண் அந்த ஒற்றைப் பல்லைக் காட்டிக்கொண்டு சிரித்தாள். பல்லுக் கொழுக்கட்டை யார் வீட்டில், எப்போது என்று அண்ணன் கேட்டார். கேட்ட கையோடு பேஸ் பார்ட்டை ஆரம்பித்தும் விட்டார். பெண் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடித்து முடித்து அவள் என் மூக்கைப் பிடித்தாள். வழக்கமாக இந்த இடத்தில்தான் நான் அவளைப் பிய்த்துக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடுவேன். ஒரு கண் அவள்மேலும் ஒரு கண் கடிகாரத்தின்மேலும் வைத்துத்தான் அத்தனை நாளும் பால் கொடுத்திருக்கிறேன். இப்போது ஓட வேண்டிய ரயிலில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் வேண்டுமட்டும் திருகினாள். வேலைக்குத் திரும்பியதிலிருந்து வேலை நாளில் எனக்குக் கிடைத்த முதல் அவசரமில்லாத காலை அதுதான். இதற்குப் பயந்தா வாரக்கணக்கில் நல்ல நல்ல கையையெல்லாம் கவிழ்த்து வைத்தேன் என்று என்மேலேயே எனக்குச் சிரிப்பு வந்தது.

பங்காருபேட்டையில் அவர்கள் இறங்கினார்கள். வீட்டுக்காரர் அவளை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். யாரிடமும் எதையும் கேட்பது எனக்கு வழக்கமில்லை. அன்றைக்குக் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளிக்கும் கூட்டிக்கினு வாங்க," என்றேன்.